மகள் ஈரலும் கருப்பாட்டுச் சாறும்

பாங் மால்சுன் சும்மா உட்கார்ந்து யோசு ஊரில் யாரும் பார்த்ததில்லை. துறைமுகச் சந்தையில் கிம்ச்சி என்கிற கடுகுக்கீரைக் கார ஊறுகாய் விற்கிறவள். ஆள் வராத நேரத்தில் தராசைத் துடைப்பாள். அது பளபளத்துவிட்டால் பக்கத்துக் கடைத் தராசைத் துடைப்பாள். அந்தக் கடைக்காரி, "உன் காலைக் கட்டிப்போட ஒரு கயிறு வாங்கணும்டி" என்பாள். வரிசையாகப் பெண்ணாகவே பிறந்த வீட்டில் இவளும் பெண்ணாக வந்து சேர்ந்ததும், இதோடு போதும் சாமி என்று அப்பன்காரன் வைத்த பெயர் மால்சுன். போதும் என்ற சொல்லே பிடிக்காத ஒருத்திக்குப் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறான்!

அவளுக்கு வாய்த்தவர் தாக் இன்பே. தீவுகளுக்குப் போகிற படகில் இயந்திரம் பார்த்தவர். அவர் சாப்பிட உட்கார்ந்தால் சூப் ஆறும், சோறு காயும், மனுஷன் இன்னும் முள்ளங்கித் துண்டையே மென்றுகொண்டிருப்பார். பெண் பார்க்க வந்த அன்று அவர் பேசிய ஒரே வாக்கியம், "மழை வரும் போலிருக்கு" என்பதுதான். மழையும் வரவில்லை. ஆனாலும் மால்சுன் சரி என்றாள். ஏன் என்று கேட்டால், "ரெண்டு பேரும் ஓடினா வீட்டை யார் பிடிச்சு வச்சுக்கிறது?" என்பாள்.

இன்பேயின் ரத்தத்தில் பி வகைக் காமாலைக் கிருமி இருந்தது. பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்தது. அந்தத் தலைமுறையில் அப்படிப் பலர் உண்டு. அவர் விருந்தில் ஒரு கிண்ணம் சாராயம் வாங்கி அதையே கடைசிவரை கையில் வைத்திருக்கிற ஆள். ஆனால் ஈரல் கெட்டுவிட்டது என்றதும் ஊர் வாய் சும்மா இருக்குமா? "எஞ்சினுக்கு ஊத்தின மாதிரி உள்ளேயும் ஊத்தியிருப்பாரு" என்று சந்தையில் ஒருவன் சொன்னான். மால்சுன் கையில் இருந்த மிளகாய் விழுதை அப்படியே அவன் சட்டையில் அப்பிவிட்டு வந்தாள். அதற்கப்புறம் யாரும் அவள் காதுபடச் சொல்லவில்லை.

ஒரு வசந்த காலத்தில் ஸ்கேனில் கட்டி தெரிந்தது. உள்ளூர் டாக்டர் படத்தைப் பார்த்து முடிப்பதற்குள் மால்சுன் தலைநகர் சோலுக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாள். பெரிய ஆஸ்பத்திரி, பெரிய டாக்டர். ஈரல் அறுவைக்காரர், பெயர் யோம். வேகமாகப் பேசுகிறவர். இன்பே, மால்சுன், ஒரே மகள் ஹேரிம் மூவரும் அவர் எதிரே உட்கார்ந்தார்கள். ஹேரிம் குவாங்ஜுவில் பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். முப்பது தாண்டியும் கல்யாணத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் முகமூடியை மாட்டிக்கொள்வாள்.

"கட்டியை மட்டும் வெட்டி எடுக்கலாம். திரும்ப வந்தா அப்ப ஈரலை மாத்தலாம். நிறையப் பேருக்கு அப்படித்தான் செய்றோம்," என்றார் டாக்டர் யோம். "ஆனா ஐயாவோட ஈரல் இறுகிப் போச்சு. பாதியை வெட்டினா மிச்சம் தாங்காது."

"அப்ப மாத்திடுங்க," என்றாள் மால்சுன்.

"மாத்தலாம். மூளைச்சாவு ஆனவங்க ஈரலுக்குப் பேர் எழுதி வைக்கலாம். ஆனா யாருக்கு முதல்லன்னு பார்க்கிறது உடம்பு எவ்வளவு மோசம்ங்கிறதை வச்சு. ஐயா நடக்கிறாரு, சாப்பிடுறாரு."

"மெதுவாத்தான் சாப்பிடுவாரு."

டாக்டர் சிரிக்கவில்லை. "வரிசையில ரொம்பப் பின்னால நிப்பாரு. முன்னால வர்றதுக்குள்ள கட்டி பெருசாகிடும். ஒரே கட்டி, அஞ்சு சென்டிமீட்டருக்குள்ள, ரத்தக்குழாய்க்குள்ள நுழையாம இருக்கணும். அதுவரைக்கும்தான் மாத்தி வச்சா பலன். தாண்டிட்டா புது ஈரல்லயும் வந்து உட்கார்ந்துக்கும்."

"மூணாவது வழி?" என்றாள் மால்சுன்.

"உயிரோட இருக்கிறவங்க கொடுக்கிறது. வலது பாதியை எடுத்து வச்சா இவருக்கும் வளரும், கொடுத்தவங்களுக்கும் வளரும்."

எல்லாரும் ஹேரிமைப் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்கள். ஹேரிம்தான், "என்னோடது பொருந்துமான்னு எப்பப் பார்ப்பீங்க?" என்றாள், பல்லில் அடைப்பு இருக்கிறதா என்று கேட்கிற குரலில். இன்பே வாயைத் திறந்தார், மூடினார். மாலையில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதுதான் அவருக்குப் பேச்சு வந்தது. "இன்னொரு வழி இருக்கான்னு பார்ப்போமே." அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில், "நீங்க பேசாம இருங்க!" என்றார்கள்.

ஈரல் பொருந்தியது. ஆனால் ஹேரிமின் ஈரலில் கொழுப்பு சற்று அதிகம். நர்ஸ் ஒருத்தி கறாராகச் சொன்னாள்: உடம்பைக் குறைக்க வேண்டும், சாராய வாடையே கூடாது, வைட்டமின் மாத்திரை கூடாது, நாட்டு மருந்து எதுவும் கூடாது. அறுவைத் தேதியும் குறித்தாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில், வெளியூர் நோயாளிகளுக்கு வாடகைக்கு விடுகிற அறைகளில் ஒன்றை எடுத்தார்கள். ஒரு அடுப்பு, ஒரு ஜன்னல், ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். ஹேரிம் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அங்கேயே வந்து தங்கினாள். கோழி நெஞ்சுக்கறியும் வெள்ளரியும் தின்றுகொண்டு, ஆற்றங்கரையில் வியர்க்க வியர்க்க நடந்தாள். கன்னம் ஒட்டிப்போயிற்று.

அதைப் பார்க்கப் பார்க்க மால்சுனுக்குப் பொறுக்கவில்லை. பாதி ஈரலை அறுத்துக் கொடுக்கப் போகிற பெண்ணை யாராவது இப்படிப் பட்டினி போட்டு அறுவை மேஜைக்கு அனுப்புவார்களா? கிம்ச்சி விற்கவும் வழியில்லை. தராசும் இல்லை. அறையைத் துடைத்தாள், ஜன்னலைத் துடைத்தாள், அடுத்த அறைக்காரர்களின் செருப்பைக்கூட ஜோடி சேர்த்து வைத்தாள். அப்படியும் இருப்புக் கொள்ளவில்லை. யோசு சந்தைக் கோடியில் சத்துச்சாறு கடை வைத்திருக்கும் கூ அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"என் பொண்ணுக்கு உடம்பு தேறணும் அண்ணே. கருப்பாட்டுச் சாறு காய்ச்சி அனுப்பி வைங்க."

"ஹேரிமுக்கா? நீ கவலைப்படாத, ஆள் எழுந்து ஓடும் பாரு!"

பெட்டி நிறையப் பாக்கெட்டுகள் வந்தன. மால்சுன் ஒவ்வொன்றாக வெந்நீரில் சுட வைத்துக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். ஹேரிம் முகத்தைச் சுளித்தாள்.

"நாட்டு மருந்து கூடாதுன்னு நர்ஸ் சொல்லலையாம்மா?"

"இது எங்கடி மருந்து? ஆடு. ஆட்டுக்கறி மருந்துன்னு எந்த டாக்டராவது சொல்லியிருக்கானா? கொழுப்பை எடுத்துட்டுத்தான் காய்ச்சியிருக்காங்க."

"நான் குடிக்கலைன்னா நீ விடவா போறே," என்று சொல்லி ஹேரிம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். குடித்துவிட்டு வெறும் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். மால்சுனுக்கு அன்றைக்குத்தான் பசித்தது. மகள் நடந்து முடித்து வருகிற வேளைக்கெல்லாம் கிண்ணம் சூடாகக் காத்திருந்தது.

அறுவைக்கு முன் கடைசியாக ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பார்த்த கையோடு அம்மாவையும் மகளையும் கூப்பிட்டார்கள். டாக்டர் யோம் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். பச்சையில் இருக்க வேண்டிய எண்கள் எல்லாம் சிவப்பு.

"ஹேரிம், ஈரல் வீங்கியிருக்கு. சாதாரணத்தை விடப் பல மடங்கு ஏறியிருக்கு. குடிச்சியா?"

"இல்ல."

"மருந்து ஏதாவது? மூலிகை?"

ஹேரிம் அம்மா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. "இல்ல."

"யோசிச்சுச் சொல்லு. ஒரு காரணம் தெரிஞ்சா, அதை நிறுத்திட்டு ஆறுற வரைக்கும் காத்திருக்கலாம். காரணமே இல்லாம இப்படி ஏறினா உனக்கே ஏதோ நோய்னு அர்த்தம். உன்கிட்டருந்து எடுக்க முடியாது. இப்ப மட்டும் இல்ல, எப்பவுமே."

மால்சுனால் அங்கே உட்கார முடியவில்லை. எழுந்து வெளியே போனாள். நடைக்கூடத்தில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாள். ஆடு எப்படி ஈரலைக் கெடுக்கும்? கெடுக்காது. கெடுத்திருந்தால்? நான் போய்ச் சொன்னால் ஹேரிம் பொய் சொன்னது தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் அவருக்கு ஈரல் இல்லை. ஐயோ, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு கதவைத் தட்டாமலே உள்ளே நுழைந்தாள்.

"நான்தான் கொடுத்தேன் டாக்டர். கருப்பாட்டுச் சாறு."

மூலையில் நின்ற நர்ஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நாட்டு மருந்து கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேம்மா!"

"அது மருந்து இல்லம்மா, ஆடு!"

"ஆட்டோட வேற என்ன போட்டாங்க?" என்றார் டாக்டர்.

வேற என்ன? மால்சுன் அங்கேயே கூ அண்ணனைப் போனில் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டாள். கூ அண்ணனுக்கு ஒரே குஷி. சோல் டாக்டரே கேட்கிறார் என்றதும் பெருமை தாங்கவில்லை. வேர்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போனார். ஒரு கொடியின் கிழங்கைச் சொன்னபோது டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"அது எல்லாருக்கும் ஒரு பிடிதான் போடுவேன் டாக்டர். நம்ம ஹேரிம்ங்கிறதால ரெண்டு பிடி!"

"நன்றி," என்று சொல்லி டாக்டர் தானே போனை அணைத்தார்.

திட்டுவார் என்று மால்சுன் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் களைத்த முகத்தோடு, "நல்லவேளை சொன்னீங்க," என்றார். ஹேரிமின் ஈரல் ஆறும், சில வாரம் பிடிக்கும். அதுவரை இன்பேயின் கட்டியை அடக்கி வைக்க, தொடை வழியாகக் குழாய் விட்டுக் கட்டிக்குப் போகிற ரத்தத்தை அடைத்து மருந்து வைப்பார்கள். பிறகு மறுபடி ஸ்கேன், மறுபடி தேதி.

"நான் என்ன செய்யணும் டாக்டர்?"

"ஒண்ணும் செய்யாம இருங்க. அது ஒண்ணு போதும்."

வெளியே வந்ததும் மால்சுன் மகளின் முதுகில் ஓர் அறை விட்டாள். "பொய் ஏண்டி சொன்னே?"

"பின்னே அப்பாகிட்ட போய், உன் பொண்டாட்டிதான் கெடுத்தான்னு சொல்லணுமா?" என்று ஹேரிம் அழுதாள். இன்பேயிடம் எதுவும் சொல்வதில்லை என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். ஹேரிமுக்குக் காய்ச்சல் வந்து ரத்தம் சரியில்லை, தேதி தள்ளிப்போகிறது என்று சொன்னார்கள். இன்பே "ஓ," என்றார். அந்த "ஓ"வில் என்ன இருந்தது என்று பிரித்துப் பார்க்கிற நிலையில் மால்சுன் அப்போது இல்லை.

அந்த வாரங்களில் அவள் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மிச்சப் பாக்கெட்டுகளைக் கிழித்துக் கழிவறையில் கொட்டினாள். இன்பேயின் வயிற்றைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே கட்டி அங்குலம் அங்குலமாக நகர்கிறது போல் இருந்தது. மருந்து வைத்துவிட்டு வந்து அவர் காய்ச்சலில் முனகியபோது, நெற்றித் துணியை மாற்றுவதா, மாற்றினால் அதிலும் ஏதாவது கேடு வருமா என்று கையை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டாள். ஹேரிமுக்கு ஒரு ஆப்பிளை நறுக்கிக் கொடுக்கக்கூட நர்ஸுக்குப் போன் செய்து கேட்டாள். மூன்றாவது தடவை கேட்டபோது நர்ஸ், "அம்மா, ஆப்பிள் ஆப்பிள்தான்," என்று சொல்லிவிட்டாள்.

ஹேரிமின் எண்கள் இறங்கின. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம். கடைசியில் எல்லாம் பச்சை. அன்றைக்கு அம்மாவும் மகளும் ஆஸ்பத்திரி வாசலில் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். மால்சுன் ஊருக்கு ஓடிப்போய், கூலியாட்களைத் திட்டிக்கொண்டே குளிர்காலக் கிம்ச்சியை எல்லாம் ஒரே மூச்சில் போட்டு முடித்துத் திரும்பினாள். அறுவைக்குப் பிறகு இரண்டு பேரையும் ஒருத்தியாகப் பார்த்துக்கொள்ள வேண்டுமே.

அவள் திரும்பி வந்த மறுநாள் இன்பேயின் ஸ்கேன் முடிவு வந்தது. இந்தத் தடவை டாக்டர் யோம் வேகமாகப் பேசவில்லை.

"ஈரலுக்கு ரத்தம் போற பெரிய குழாய்க்குள்ள கட்டி நுழைஞ்சிருக்கு. மருந்துக்கு அடங்கல. இப்ப மாத்தி வைக்கிறது சரியில்ல."

"என்னோடது சரியாகிடுச்சே!" என்றாள் ஹேரிம். "எல்லாம் பச்சைன்னு நீங்கதானே சொன்னீங்க!"

"உன்னோடது சரிதான்மா. அதை வாங்கி வச்சாலும் கட்டி அதையும் கெடுத்துடும். கதிர் சிகிச்சை கொடுக்கலாம், ஊசி மருந்து இருக்கு. கேட்டுச்சுன்னா அப்புறம் பார்க்கலாம். வாக்குக் கொடுக்க மாட்டேன்."

இன்பே டாக்டருக்குத் தலைகுனிந்து நன்றி சொல்லிவிட்டு மெதுவாக வெளியே போனார். ஹேரிம் மருந்து வாங்கி வரப் போனாள். மால்சுன் மட்டும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டாக்டர், அன்னைக்கே வச்சிருந்தா?"

அவர் ஸ்கேன் படத்தை மறுபடி பார்த்தார். "இது இத்தனை சீக்கிரம் குழாய்க்குள்ள போகுதுன்னா, அன்னைக்கே உள்ளே வேர் இருந்திருக்கும். கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காது. புது ஈரலை உடம்பு தள்ளாம இருக்க மருந்து கொடுப்போம். அதுல இது இன்னும் வேகமாப் பரவியிருக்கும். பொண்ணோட ஈரலும் போயிருக்கும், அவரும். காத்திருந்ததாலதான் தெரிஞ்சது. அப்படித்தான் நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

"நினைக்கிறேன்மா. யாருக்கும் தெரியாது."

உண்மையைத்தான் சொன்னாரா, கிழவி மனசு உடைய வேண்டாமே என்று சொன்னாரா? மால்சுன் படிக்கட்டில் இறங்கும்போதே அந்தக் கேள்வி தொண்டையில் மாட்டிக்கொண்டது. இனி ஆயுசுக்கும் அது இறங்காது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இன்பே முற்றத்தில், கிங்கோ மரங்களுக்குக் கீழே பெஞ்சில் இருந்தார். பழுத்து விழுந்த பழங்கள் மிதிபட்டு நாறின. அவள் எதிரே நின்று, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஆடு, கிழங்கு, இரண்டு பிடி, காய்ச்சல் என்று சொன்ன பொய், டாக்டர் கடைசியாகச் சொன்னது, அத்தனையும். சொல்லி முடித்து, அடி விழட்டும் என்று நின்றாள். இன்பே அவளை ஒரு நாளும் அடித்ததில்லை என்றாலும்.

அவர் வழக்கம்போல மெதுவாக யோசித்தார்.

"அப்ப, அவ வயித்துல கத்தி படல."

"படல."

"இனிமேலும் படாது."

"அதான் டாக்டர் வேண்டாம்னுட்டாரே."

இன்பே மூச்சை வெளியே விட்டார். அவ்வளவு நீண்ட மூச்சை அவரிடம் அவள் கேட்டதில்லை. "ஹேரிம் அம்மா, நல்ல காரியம் பண்ணே," என்றார்.

"வாயை மூடுய்யா!" மால்சுன் அவர் தோளில் ஓங்கி அடித்தாள், நோயாளி என்பதையும் மறந்து. "டாக்டர் நினைக்கிறது தப்பா இருந்தா? அன்னைக்கே வச்சிருந்தா நீ பிழைச்சிருப்பியோ என்னவோ! உன்னைக் கொன்னவகிட்ட உட்கார்ந்துக்கிட்டு நல்ல காரியம்ங்கிறே!"

"இருக்கலாம்," என்றார் இன்பே. "தேதி குறிச்ச நாள்லேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல. செத்துருவோம்னு இல்ல. பக்கத்து மேஜையில அவளுக்கு ஏதாவது ஆயி, நான் மட்டும் அவ ஈரலோட கண்ணு முழிச்சா? அதை நெனச்சுத்தான். அவளுக்குக் காய்ச்சல்னு நீ வந்து சொன்னப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு. பெத்த பொண்ணுக்குக் காய்ச்சல்னா எவனாவது சந்தோஷப்படுவானா?"

"வேண்டாம்னு முதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

அவர் தன் கைகளையே பார்த்தார். "சொல்ல முடியல. இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

மால்சுன் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் சரிந்து, அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். போகிற வருகிறவர்கள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி முற்றத்தில் அழுகிறவர்களை அந்த ஊரில் யாரும் பார்ப்பதில்லை.

கண்ணாடிக் கதவு திறந்தது. ஹேரிம் மருந்துப் பையோடு வந்துகொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. இன்பே அவசரமாகக் குனிந்து, "நான் சந்தோஷப்பட்டேன்னு அவகிட்ட சொல்லிடாத. தாங்க மாட்டா," என்றார். அவர் அவசரப்பட்டு மால்சுன் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ஹேரிம் வந்து அப்பாவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். "உனக்குக் கொடுக்க முடியலையேப்பா. வாயைக் கட்டி, வயித்தைக் கட்டி, எல்லாம் செஞ்சேனேப்பா."

இன்பே மகளின் தலையைத் தடவினார். "ஆமாம்மா," என்றார். "எனக்கும் ரொம்ப ஏமாத்தமாத்தான் இருக்கு."